சிமெண்ட் போன இடம்

பெரிய இன்ஜினியரின் அறையில் காலி நாற்காலிகள் இருந்தும் என் அக்கா நின்றுகொண்டேதான் இருந்தாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அவள் கணவர், அதாவது என் மாமா, சுவரோரம் ஒரு நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

நானும் மேடமும் கதவருகே நின்றோம். மேடம் என் முதலாளி. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கிடங்கு தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று முகர்ந்து பார்த்துச் சொல்வது அவர் வேலை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவி. உதவி என்றால் வண்டி ஓட்டுவது, டீ வாங்கி வருவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு இன்றுவரை கைவரவில்லை. அக்காவுக்காகக் கெஞ்சிக் கூத்தாடி நான்தான் அவரை இந்தக் கட்டுமானத்துக்கு அழைத்து வந்திருந்தேன்.

கட்டுவது ஒரு பெரிய மருத்துவமனை. மொத்தக் கட்டடமும் ஒரே கனமான கான்கிரீட் பாளத்தின் மேல் உட்காரப் போகிறது. அதை இவர்கள் ராஃப்ட் என்கிறார்கள். இரண்டு ஆள் உயரக் கனம். அதற்கான கலவையில் சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் மாவு போன்ற சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ளை ஆஷ் என்று பெயர். பெரிய வேலைகளில் இது ஊரறிந்த வழக்கம்தான்.

இந்த ராஃப்ட்தான் போட்ட சில வாரங்களில் கீறல் கீறலாக வெடித்துவிட்டது. போதாததற்குக் கணக்கில் ஏகப்பட்ட சிமெண்டைக் காணவில்லை. பெரிய இன்ஜினியர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். சிமெண்டை வெளியே விற்றுவிட்டார்கள், அது இருக்க வேண்டிய சைலோவில் சாம்பலை நிரப்பிவிட்டார்கள், ராஃப்ட் முழுக்கச் சாம்பலாகப் போய் வெடித்துவிட்டது என்றார். சைலோ என்பது மாவைக் கொட்டி வைக்கும் உயரமான இரும்பு உருளை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கலவையை எடை போடும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சோதித்துப் பார்க்க வேண்டியது தர ஆய்வகம். ஆய்வகத்தின் தலைவி என் அக்கா. ஆக, களவுக்குக் காவல் நின்றவள் அவள்தான் என்று முடித்தார்.

மாமாவும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறார். கலவை நிலையத்தின் ஆபரேட்டர். ஜல்லி, மணல், சிமெண்ட், சாம்பல் எல்லாம் அவர் தட்டும் பொத்தானுக்குத்தான் இறங்கும். ஆனால் அவர் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த காகிதங்கள் கச்சிதமாக இருந்தன. அதனால் அவர் மேல் யாரும் சுட்டுவிரலை நீட்டவில்லை.

அக்காவின் கையில் ஒரே ஒரு சாட்சி இருந்தது. ராஃப்ட் போட்ட அன்று அதே கலவையில் சின்னச் சின்னக் கனசதுரக் கட்டிகளைப் போட்டு வைத்திருந்தாள். கியூப் என்பார்கள். முதல் வாரத்திலேயே அவற்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்ததில் நல்ல பலம் காட்டின. அதுவே அவளுக்கு வினையாகப் போனது.

"சாம்பல் போட்ட கான்கிரீட் மெதுவாத்தான் பலம் புடிக்கும். முதல் வாரத்துல இவ்வளவு காட்டவே காட்டாது," என்றார் பெரிய இன்ஜினியர். "நல்ல கலவையில தனியா கியூப் போட்டு எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

அக்கா உண்மையைச் சொல்லச் சொல்ல அது இன்னொரு பொய்யாக மாறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போலீஸில் புகார் கொடுக்கப் போவதாக அவர் சொன்னார். அதற்குள் ஒப்புக்கொண்டால் வேலை மட்டும்தான் போகுமாம். அக்காவின் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். சின்ன வயதில் என்னை அடித்த பையன்களை ஓட ஓட விரட்டியவள் அவள்.

மேடம் பெரிய இன்ஜினியரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ராஃப்ட் போட்ட பிறகு அதன் மேல் தண்ணீர் ஊற்றியவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று. தண்ணீர் பட்ட இடத்தில் ஆவி பறந்ததாகப் புலம்பினார்கள், வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றார் அவர். மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"மேடம், ஆவியில என்ன இருக்கு?" என்றேன்.

"உங்க அக்கா பொய் சொல்ற ஆளா?"

"சின்ன வயசுல நான் பண்ண தப்பையெல்லாம் வீட்டுல போட்டுக் கொடுத்தவ. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எவ்வளவோ அடி தப்பிச்சிருப்பேன்."

"அப்ப அந்த கியூப் உண்மைன்னு வச்சுக்குவோம். நமக்கு என்ன செலவு?"

என் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. நேராகக் கலவை நிலையத்தின் பின்பக்கம் போனார். திருடர்கள் சிமெண்டைக் கடத்திய வழி என்று பெரிய இன்ஜினியர் காட்டிய தடம் அங்கேதான் இருந்தது. டேங்கர் லாரிகள் நிற்கும் இடத்திலிருந்து சாம்பல் நிறப் பொடி கோடாகச் சிந்திக்கொண்டே போய், கட்டி முடித்தும் இன்னும் தண்ணீர் நிரப்பாத நிலத்தடித் தொட்டியின் அருகே மறைந்தது. அங்கிருந்து லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. வழியில் ஒரு குழாய் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்ததால் தரை சொதசொதவென்று இருந்தது. மேடம் குனிந்து ஈரத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து விரலில் தேய்த்தார். என் மூக்கிலும் கொஞ்சம் தடவினார்.

"அலங்காரம் அப்புறம் பண்ணிக்கலாம் மேடம்."

"எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்கு. களிம்பு மாதிரி."

"நாள் கணக்கா ஈரத்துல கிடக்கு. சிமெண்டா இருந்தா இந்நேரம் கல்லா இறுகி, நீ கடப்பாரையால பேர்க்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது சிமெண்ட் இல்லை, சாம்பல். யாரோ இத்தனை பாடுபட்டுச் சாம்பலைக் கடத்தியிருக்கிறார்கள். சாம்பலைத் திருடுகிறவன் பாத்திரம் தேய்க்கத்தான் திருட வேண்டும் என்றேன். மேடம் சிரிக்காமல் தொட்டியின் இரும்பு மூடியைக் காட்டினார். அது பாதி திறந்திருந்தது.

சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கினோம். அவர் முன்னே, நான் பின்னே. கைபேசி வெளிச்சத்தில் தொட்டி ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு விரிந்தது. ஒரு மூலையில் கூரை உயரத்துக்குச் சாம்பல் மலையாகக் குவிந்து, மற்ற பக்கங்களுக்குச் சரிந்து கிடந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டமார் என்றது. வெளிச்சம் போய்விட்டது. மூடியின் மேல் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"பூட்டிட்டாங்க மேடம்."

"பூட்டல. மூடியிருக்காங்க. பூட்டறவன்னா நம்மளப் பார்த்திருக்கணும். இது பார்க்காம மூடினது."

"சாகறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

ஏறிப் போய் மூடியைக் கையால் இடித்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் மேலே, மாவைக் காற்றால் தள்ளும் லாரியின் கம்ப்ரஸர் உறும ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது. எதிர்ச் சுவரில் இருந்த குழாய் இருமிற்று. அடுத்த நொடி அதன் வழியாகச் சாம்பல் பீறிட்டுக் கொட்டியது.

சாம்பல்தானே, ஏறி நின்றால் போயிற்று என்று நினைத்தேன். காற்றோடு வரும் புதுச் சாம்பல் உடனே மண்ணைப் போல் குவிவதில்லை. தண்ணீரைப் போல் ஓடுகிறது. படியிலிருந்து இறங்கியவன் முட்டிவரை புதைந்தேன், காலை எடுத்தால் அடுத்த கால் இன்னும் ஆழமாகப் போனது. கண், மூக்கு, காது எல்லாம் மாவு. கைக்குட்டையை வாயில் கட்டிக்கொண்டும் ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் சிக்கியது. இங்கே செத்தால் சாயங்காலம் அக்காவுக்கு எங்களைப் பற்றிச் சொல்லக்கூட ஆள் இல்லை. அவள் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்த நினைப்புதான் மூச்சுத் திணறலைவிட அதிகமாக என்னை உலுக்கியது.

"லைட்டை அணை," என்றார் மேடம் படியில் தொற்றிக்கொண்டு.

"ஏற்கெனவே பயமா இருக்கு மேடம்."

"அணைடா. இவ்வளவு காத்து உள்ளே வருது. வெளியே போக வழி இல்லைன்னா தொட்டி உப்பி வெடிச்சிருக்கும். எங்கயோ ஓட்டை இருக்கு."

அணைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூரையின் தூர மூலையில், தேநீர்க் கோப்பை அளவுக்கு ஒரு மங்கலான பழுப்பு வட்டம் தெரிந்தது. கூரையைத் துளைத்து மேலே போகும் குட்டையான குழாய். அதன் வாயில் யாரோ வெளியே சாக்கைக் கட்டியிருந்தார்கள். காற்று போகும், சாம்பல் போகாது. இங்கே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

சுவரோரம் கான்கிரீட் வேலையில் மிஞ்சிய நீளமான கம்பி ஒன்று சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கினேன். இடுப்பு, பிறகு மார்பு. நடப்பதா நீந்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். நடுவில் ஒருமுறை தலை வரை அமிழ்ந்தது. மேடம் படியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, 'டேய்'தான். நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

கம்பியை மேலே நீட்டிக் குத்தினேன். சாக்கு உப்பிக்கொண்டு நழுவியது. மறுபடி குத்தினேன். மூன்றாவது குத்தில் கிழிந்தது. உள்ளே அடைந்து கிடந்த காற்று மிச்சச் சாக்கையும் பிய்த்துக்கொண்டு சீறிப் பாய்ந்தது. பகல் வெளிச்சம் ஒரு தூணாக உள்ளே விழுந்தது. வெளியே, நிலத்திலிருந்து சாம்பல் மேகம் ஒன்று கிளம்பி மொத்த வளாகத்தையும் மூடியதாகப் பிறகு சொன்னார்கள்.

கம்ப்ரஸர் நின்றது. மனிதர்கள் ஓடும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. தாழ்ப்பாள் நகர்ந்து மூடி திறந்தது. குனிந்து பார்த்த முகம் என் மாமாவுடையது.

"மாப்பிள்ளை, நீயா? உள்ளே நீ எப்படி..." என்றபடியே கையைக் கொடுத்து என்னையும் மேடத்தையும் மேலே இழுத்துப் போட்டார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிறு பிள்ளை போல அழுதுவிட்டேன். என் கண்ணீர் ஓடிய இடம் மட்டும் அவர் சட்டையில் சேறாகியது.

மேடம் ஒழுகும் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். டேங்கர் டிரைவரிடம் நாலு வார்த்தை பேசினார். இந்தத் தொட்டியும் கம்பெனியின் சாம்பல் கிடங்குதான் என்று தன்னிடம் சொல்லியிருப்பதாக டிரைவர் சொன்னார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மூடியைத் தாழிட்டதும் அவர்தான். அவரை அனுப்பிவிட்டு மேடம் எங்களிடம் வந்தார்.

"கட்டிப் புடிச்சது போதும், தள்ளி நில்லு," என்றார் என்னிடம். பிறகு மாமாவிடம், "அவ்வளவு பெரிய மேகம் கிளம்பினதும் எல்லாரும் சாம்பல் சைலோதான் வெடிச்சிடுச்சுன்னு அந்தப் பக்கம் ஓடினாங்க. நீங்க மட்டும் நேரா இந்த மூடிகிட்ட வந்தீங்க. ஏன்?"

மாமா சட்டையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

"நானே சொல்றேன். சாம்பல் முழுக்க இங்க இருக்கு. அப்ப சாம்பல் சைலோவுல என்ன இருந்துச்சு? வந்த சிமெண்ட் டேங்கர்ல பாதியை அந்த சைலோவுல இறக்கச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு டேங்கருக்கும் ஒரே மாதிரி ஹோஸ் பைப்தான், மாட்டறது சுலபம். கம்ப்யூட்டர் சாம்பல்னு நினைச்சு எடை போட்டது எல்லாம் சிமெண்ட். அந்த சைலோவுலேர்ந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணியில குழைச்சு வைக்கட்டுமா? நாளைக்கு அது கல்லாகியிருக்கான்னு பார்ப்போம்."

"வேண்டாம்," என்றார் மாமா.

பெரிய இன்ஜினியர் சொன்ன கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டது போல இருந்தது. சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் போகவில்லை. சாம்பல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் போயிருக்கிறது. காணாமல் போன சிமெண்ட் அத்தனையும் ராஃப்ட்டுக்குள் இருக்கிறது. அதன் மேல் நின்றுகொண்டுதான் எல்லோரும் அதைத் தேடினார்கள்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பைசா எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பல வருடம் முன்பு வேறொரு கட்டடத்தில், சாம்பல் கலந்து போட்ட தளம் ஒன்று அவர் கண்ணெதிரே விழுந்திருக்கிறது. அதன் அடியில் சிக்கிச் செத்தவர் அவருடைய கூட்டாளி. அன்றிலிருந்து சாம்பல் என்றாலே அவருக்கு அது குப்பை, ஏமாற்று வேலை. நோயாளிகள் படுக்கப் போகும் கட்டடத்துக்கு அந்தக் குப்பையைப் போட அவருக்குக் கை வரவில்லை. முழுச் சிமெண்டாகப் போட்டு ராஃப்ட்டை இரும்பாக்கிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"அந்தத் தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பத்தை எப்ப பிரிச்சாங்க?" என்று கேட்டார் மேடம்.

"எப்பவும் பிரிக்கிற மாதிரிதான்."

"சாம்பல் போட்டா இறுக நாளாகும். காத்திருக்காம எப்பவும் போலப் பிரிச்சா விழத்தான் செய்யும். இங்க விஷயமே வேற. இவ்வளவு கனமான கான்கிரீட்ல முழுக்க சிமெண்ட் போட்டா உள்ளுக்குள்ள கொதிக்கும். மேல ஆறும், உள்ள ஆறாது. அதனாலதான் தண்ணி ஊத்தினா ஆவி வந்துச்சு, அதனாலதான் வெடிச்சுது. அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் சாம்பல் போடச் சொன்னாங்க."

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அப்போதுதான் பின்னால் அக்கா நிற்பதைக் கவனித்தேன். மேகத்தைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. பெரிய இன்ஜினியர், தான் சொன்ன சாயங்காலம்வரைகூடக் காத்திருக்காமல், போலீஸுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போதுகூட அவள் கண் மாமாவை விட்டு நகரவில்லை.

மாமா எழுந்து அவள் கையைப் பிடித்தார். அவருடைய வேண்டுதலைக் கேட்கவே கூசியது. அவளுக்கு வேலைதான் போகும், பொம்பளை என்று விட்டுவிடுவார்கள். அவர் என்றால் உள்ளே தள்ளிவிடுவார்கள், ராஃப்ட்டை உடைக்கும் செலவைத் தலையில் கட்டுவார்கள். அவள் ஒப்புக்கொண்டால் வேறு ஊர் போய்விடலாம் என்றார். மேடத்திடமும் கெஞ்சினார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, நீயாவது சொல்லு," என்றார்.

எந்த இடத்திலும் எனக்கு ஒரு பேச்சு வந்துவிடும். அங்கே ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் முன்பு என்னைக் குழியிலிருந்து இழுத்த கை அது.

அக்கா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அந்த ரூம்ல எல்லாருமாச் சேர்ந்து என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்க. நீங்க உட்கார்ந்து கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"என் கியூப் சரின்னு உலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கைபேசியை எடுத்துப் பெரிய இன்ஜினியரை அழைத்தாள். அவர் எடுத்ததுமே ஏதோ கத்தினார் போலிருக்கிறது. அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு பேசினாள். குரல் உடையவில்லை.

"ஐயா, என் ரிசல்ட்ல ஒரு எண்கூடப் பொய் இல்ல. உங்க சிமெண்ட் எங்கயும் போகல, ராஃப்ட்டுக்குள்ளதான் இருக்கு. சாம்பல்தான் அதுல போகல. ஆமா, சைலோ மாத்தி இறக்கியிருக்காங்க. சாம்பல் மொத்தமும் இங்க தொட்டியில கிடக்கு, வந்து பாருங்க."

எதிர்முனையில் ஒரு கேள்வி வந்தது. என்ன கேள்வி என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் தலை முடியிலும் புருவத்திலும் சாம்பல் படிந்து ஒரேயடியாகக் கிழவராகியிருந்தார். அவள் துப்பட்டா நுனியால் அவர் கண்ணோரத்தில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டாள்.

"ஆள் எங்கயும் ஓடல ஐயா," என்றாள். "என் வீட்டுக்காரர்தான். நானே கூட்டிட்டு வரேன்."